ஒரு விதிக்காக வேலையை விட்ட வாத்தியார்: யார் இந்த ஜார்ஜ் ஓம்?

அதே போன், அதே சார்ஜர். கேபிளை மட்டும் மாத்திப் பாருங்க. ஒரு கேபிளில் மளமளவென்று சார்ஜ் ஏறும். இன்னொன்றில் ஒரு மணி நேரம் ஆனாலும் பத்து சதவீதம் ஏறியிருக்காது. பெரும்பாலும் அந்த இரண்டாவது கேபிள் நீளமாகவோ, உள்ளே மெல்லிய கம்பியோடோ இருக்கும்.

கம்பி நீளமானால் கரண்ட் எவ்வளவு குறையும்? இந்தக் கேள்விக்குச் சரியான பதிலைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியர். அவரிடம் இருந்தவை எட்டு செம்புக் கம்பிகள், கொஞ்சம் கொதிநீர், கொஞ்சம் ஐஸ், ஒரு காந்த ஊசி. பெயர் ஜார்ஜ் சைமன் ஓம்.

பள்ளியில் ஓம் விதியை ஒரே வரியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிட்டு மறந்திருப்போம். அந்த ஒரு வரிக்காக அவர் இருந்த வேலையை விட்டார், பல வருஷம் நிரந்தர வேலை இல்லாமல் அலைந்தார். சொந்த நாட்டில் மதிப்பு கிடைப்பதற்குள் வெளிநாட்டில் பதக்கம் வந்துவிட்டது.

முதலில் மூன்று வார்த்தைகள்

மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை. பேச்சு வழக்கில் வோல்டேஜ், கரண்ட், ரெசிஸ்டன்ஸ்.

மொட்டை மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு வேகமாகத் தண்ணீர் கீழே தள்ளப்படும். அந்தத் தள்ளும் அழுத்தம்தான் வோல்டேஜ். குழாய் வழியாக ஒரு வினாடிக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பது கரண்ட். குழாய் குறுகலாக, நீளமாக இருந்தால் தண்ணீர் வரத்து குறையும் இல்லையா? அந்த முட்டுக்கட்டைதான் ரெசிஸ்டன்ஸ்.

ஓம் விதி சொல்வது இதுதான்: மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை. வோல்டேஜை இரண்டு மடங்காக்கினால் கரண்ட் இரண்டு மடங்காகும். ரெசிஸ்டன்ஸை இரண்டு மடங்காக்கினால் கரண்ட் பாதியாகும். அவ்வளவுதான்.

வீட்டுக் கணக்கு ஒன்று போடலாம். 230 வோல்ட் இணைப்பில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி சுமார் 4.35 ஆம்பியர் இழுக்கும். 230-ஐ 4.35-ஆல் வகுத்தால் அதன் மின்தடை சுமார் 53 ஓம். அதே இணைப்பில் 2000 வாட் கீசருக்கு மின்தடை சுமார் 26 ஓம்தான். சூடு அதிகம் வேண்டுமென்றால் ரெசிஸ்டன்ஸ் அதிகம் இருக்க வேண்டும் என்றுதான் பலரும் நினைப்போம். ஆனா வீட்டில் வோல்டேஜ் மாறாமல் இருப்பதால், ரெசிஸ்டன்ஸ் குறையும்போதுதான் கரண்ட் கூடுகிறது, சூடும் கூடுகிறது.

இன்று இதை கால்குலேட்டரில் பத்து வினாடியில் போட்டுவிடுகிறோம். ஓம் பிறந்த காலத்தில் வோல்ட் கிடையாது, ஆம்பியர் கிடையாது, ஏன், பேட்டரியே கிடையாது.

பூட்டுக் கடைக்காரரின் மகன்

1789 மார்ச் 16 அன்று, இன்றைய ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் இருக்கும் எர்லாங்கன் நகரில் ஓம் பிறந்தார். அப்பா யோஹான் வோல்ஃப்காங் ஓம் பூட்டுத் தொழிலாளி. அம்மா மரியா எலிசபெத் ஒரு தையல்காரரின் மகள். பிறந்த குழந்தைகள் ஏழு பேர். பிழைத்து வளர்ந்தவர்கள் மூன்று பேர் மட்டுமே: ஜார்ஜ், தம்பி மார்ட்டின், தங்கை எலிசபெத். ஓமுக்குப் பத்து வயதானபோது அம்மாவும் இறந்துவிட்டார்.

அப்பா பள்ளிப் படிப்பு பெரிதாகப் படித்தவர் இல்லை. ஆனால் புத்தகங்களை வைத்துக்கொண்டு தானாகவே கணிதமும் அறிவியலும் கற்றவர். பட்டறை வேலை முடிந்ததும் இரண்டு மகன்களையும் உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். பள்ளியில் கிடைத்ததைவிட வீட்டில் கிடைத்ததுதான் அதிகம். எர்லாங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாங்ஸ்டார்ஃப் இந்தச் சகோதரர்களைச் சோதித்துப் பார்த்துவிட்டு, கணித உலகின் புகழ்பெற்ற பெர்னூலி சகோதரர்களோடு ஒப்பிட்டார். பின்னாளில் தம்பி மார்ட்டினும் கணிதப் பேராசிரியர் ஆனார்.

அப்பாவிடம் இருந்து இன்னொன்றும் ஓமுக்கு வந்தது: உலோகத்தை அறுக்க, தேய்க்க, பொருத்தத் தெரிந்த கை. அது பின்னால் ரொம்பவே உதவியது.

பில்லியர்ட்ஸ் ஆடிய மாணவர்

1805-இல் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்ததும் படிப்பைவிட நடனம், பில்லியர்ட்ஸ், பனித்தரையில் ஸ்கேட்டிங் ஆகியவற்றில்தான் நேரம் போனது. தனக்குக் கிடைக்காத வாய்ப்பை மகன் வீணடிக்கிறான் என்று அப்பாவுக்குக் கடும் கோபம். மூன்று செமஸ்டர் முடிந்ததும் படிப்பு நின்றது.

1806-இல், 17 வயதில், சுவிட்சர்லாந்தில் ஒரு பள்ளிக்குக் கணித ஆசிரியராக அனுப்பப்பட்டார். பிறகு நியூஷாட்டல் நகரில் தனிப்பயிற்சி ஆசிரியராக இருந்தார். மறுபடியும் பல்கலைக்கழகம் போகலாமா என்று லாங்ஸ்டார்ஃபிடம் யோசனை கேட்டபோது, ஆய்லர், லாப்லாஸ், லாக்ருவா ஆகியோரின் நூல்களை நீயே படி என்று வழிகாட்டினார் அவர். ஓம் அப்படியே செய்தார். 1811-இல் ஊர் திரும்பி, அதே வருஷம் அக்டோபரில் டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டார்.

பட்டம் வந்தது, சம்பளம் வரவில்லை. பல்கலைக்கழகத்தில் மூன்று செமஸ்டர் பாடம் எடுத்துப் பார்த்தார். முன்னேற வழி தெரியவில்லை. 1813-இல் பாம்பெர்க் நகரில் ஒரு சுமாரான பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். 1816-இல் அந்தப் பள்ளியையே மூடிவிட்டார்கள்.

இதற்கிடையில் வடிவியல் கற்பிப்பது பற்றி ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அதன் பிரதியைப் பிரஷ்யா மன்னருக்கு அனுப்பினார். அது வேலை செய்தது. 1817-இல் கொலோன் நகரப் பள்ளியில் கணித, இயற்பியல் ஆசிரியர் பதவி கிடைத்தது. அங்கே நல்ல ஆய்வகமும் இருந்தது. அவரிடம் அங்கே படித்த மாணவர்களில் ஒருவர் டிரிக்லே, பின்னாளில் உலகப் புகழ் பெற்ற கணித மேதை.

முதல் விதி தப்பாக வந்தது

1820-இல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் ஒரு செய்தியை வெளியிட்டார்: கரண்ட் பாயும் கம்பிக்குப் பக்கத்தில் வைத்த காந்த ஊசி திரும்புகிறது. ஐரோப்பா முழுக்க இதைப் பற்றித்தான் பேச்சு. கொலோன் பள்ளி ஆய்வகத்தில் ஓமும் இறங்கினார். ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்தால் கரண்ட் எவ்வளவு என்று தெரிந்துவிடும் அல்லவா? அப்படியானால் கம்பியின் நீளத்தை மாற்றிக்கொண்டே போனால் கரண்ட் எப்படிக் குறைகிறது என்றும் அளக்கலாம்.

1825-இல் முதல் கட்டுரை வந்தது. அதில் அவர் கொடுத்த சூத்திரம் மடக்கை, அதாவது லாகரிதம், அடிப்படையிலானது. அது தவறு.

தவறு அவருடைய கணக்கில் இல்லை, பேட்டரியில் இருந்தது. அன்றைய வோல்டா வகை பேட்டரிகள் கரண்ட் பாயத் தொடங்கியதுமே சரிய ஆரம்பிக்கும். தொட்டி நீர்மட்டம் நிமிஷத்துக்கு நிமிஷம் இறங்கிக்கொண்டே இருந்தால், குழாயின் குறுகலை எப்படி அளப்பது?

அந்த இதழின் ஆசிரியர் போகன்டார்ஃப் ஒரு யோசனை சொன்னார். பேட்டரியை விட்டுவிட்டு, வெப்பத்தால் கரண்ட் தரும் 'தெர்மோகப்பிள்' கருவியைப் பயன்படுத்திப் பாருங்கள் என்றார். சீபெக் என்பவர் 1821-இல் கண்டுபிடித்த விளைவு அது. இரண்டு வெவ்வேறு உலோகங்களை இரண்டு முனைகளில் இணைத்து, ஒரு முனையைச் சூடாகவும் இன்னொன்றைக் குளிராகவும் வைத்தால் கரண்ட் பாயும். வெப்பநிலை மாறாதவரை மின்னழுத்தமும் மாறாது.

எட்டுக் கம்பிகள், ஒரு ஊசி

1826 ஜனவரி. பிஸ்மத் உலோகத் துண்டின் இரு முனையிலும் செம்பை இணைத்தார். ஒரு முனை கொதிக்கும் தண்ணீரில், இன்னொரு முனை உருகும் ஐஸில். கொதிநீரும் ஐஸும் தங்கள் வெப்பநிலையைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ளும் என்பதால், தொட்டி நீர்மட்டம் இப்போது ஆடாமல் நின்றது.

கரண்டை அளக்கும் கருவியையும் அவரே செய்துகொண்டார். மெல்லிய உலோகப் பட்டையில் ஒரு காந்த ஊசியைத் தொங்கவிட்டார். கரண்ட் பாயும்போது ஊசி விலகும். மேலே உள்ள திருகைத் திருப்பி ஊசியைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். எவ்வளவு திருப்ப வேண்டியிருந்ததோ, அதுதான் கரண்டின் அளவு.

பிறகு ஒரே தடிமனில் எட்டு செம்புக் கம்பிகள். நீளம் மட்டும் வேறு வேறு: 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம். ஒவ்வொன்றாகச் சுற்றில் இணைத்து அளந்தார்.

2 அங்குலக் கம்பிக்கு அவருடைய கருவி காட்டியது சுமார் 327. 130 அங்குலக் கம்பிக்குச் சுமார் 48. இங்கேதான் ஒரு புதிர். கம்பி 65 மடங்கு நீண்டிருக்கிறது. ஆனால் கரண்ட் 65-இல் ஒரு பங்காகக் குறையவில்லை, ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகத்தான் குறைந்தது. ஏன்?

ஓமின் பதில் எளிமையானது. கரண்ட் அந்தக் கம்பி வழியாக மட்டும் போவதில்லை. தெர்மோகப்பிள், இணைப்புகள் என்று சுற்றின் மற்ற பகுதிகள் வழியாகவும் போகிறது. அவற்றுக்கும் தடை உண்டு. அந்த மீதித் தடை, அதே செம்புக் கம்பியில் சுமார் 20 அங்குல நீளத்துக்குச் சமம் என்று கணக்கிட்டார். அப்படியானால் உண்மையான ஒப்பீடு 2-க்கும் 130-க்கும் இல்லை, 22-க்கும் 150-க்கும்தான். அதாவது ஏறக்குறைய ஏழு மடங்கு. கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது.

அடுத்து, வெப்பநிலை வித்தியாசத்தைக் குறைத்துப் பார்த்தார். கரண்ட் எல்லாக் கம்பிகளிலும் ஒரே விகிதத்தில் குறைந்தது. ஆனால் அந்த 20 அங்குலக் கணக்கு மாறவில்லை. ஆக, தள்ளும் அழுத்தம் வேறு, தடை வேறு. ஒன்றை மாற்றினால் இன்னொன்று மாறுவதில்லை. மின்சுற்றை இப்படி இரண்டாகப் பிரித்துக் காட்டியதுதான் ஓமின் பெரிய சாதனை. முந்தைய வருஷம் தன் பெயரிலேயே வந்த லாகரிதச் சூத்திரத்தை ஓரம் கட்டிவிட்டு, புதியதை வெளியிட்டார்.

உங்கள் சார்ஜர் கேபிளுக்கு இதிலிருந்து என்ன பதில்?

ஓமின் பதிலை அப்படியே கேபிளுக்குப் போட்டுப் பார்க்கலாம். சார்ஜர் 5 வோல்ட் தருகிறது, 2 ஆம்பியர் கரண்ட் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேபிளில் போகும் கம்பி, திரும்பும் கம்பி இரண்டுக்கும் சேர்த்து மின்தடை கால் ஓம். 2-ஐ 0.25-ஆல் பெருக்கினால் 0.5 வோல்ட். அதாவது அரை வோல்ட் வழியிலேயே காலி. போனுக்குப் போய்ச் சேருவது 4.5 வோல்ட். இவ்வளவு இறங்கினால் போனே தான் இழுக்கும் கரண்டைக் குறைத்துக்கொள்ளும். ஆமை வேகத்துக்குக் காரணம் அதுதான்.

ஃபாஸ்ட் சார்ஜர்கள் ஏன் வோல்டேஜை உயர்த்துகின்றன என்பதும் இப்போது புரியும். 18 வாட் திறனை 5 வோல்ட்டில் அனுப்ப 3.6 ஆம்பியர் வேண்டும். 9 வோல்ட்டில் அனுப்பினால் 2 ஆம்பியர் போதும். அதே கால் ஓம் கேபிளில் முதல் வழியில் சுமார் 3.2 வாட் சூடாக வீணாகும். இரண்டாவது வழியில் 1 வாட் மட்டுமே. ஊர்களுக்கு இடையே மின்சாரத்தை லட்சக்கணக்கான வோல்ட்டில் அனுப்புவதும் இதே கணக்கால்தான்.

விடுப்பு, புத்தகம், ராஜினாமா

திரும்ப ஓமின் கதைக்கு வருவோம். பரிசோதனை கையில் இருக்கிறது. அடுத்த ஆசை, பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி. 1826-இல் பாதிச் சம்பளத்தில் ஒரு வருஷ விடுப்பு எடுத்து, தம்பி மார்ட்டின் இருந்த பெர்லினுக்குப் போனார். 1827-இல் மின்சுற்றைக் கணித முறையில் ஆராயும் தன் புத்தகத்தை வெளியிட்டார். ஒரு பொருளில் வெப்பம் எப்படிப் பாய்கிறது என்று பிரான்ஸின் ஃபூரியே எழுதிய கணிதத்தை முன்மாதிரியாக வைத்து, மின்சாரம் பாய்வதை விளக்கியிருந்தார்.

வரவேற்பு? மிகவும் மந்தம்.

காரணம் பல. அன்றைய ஜெர்மன் இயற்பியலாளர்கள் பலருக்கு இயற்பியல் என்றால் பரிசோதனை, வர்ணனை. இவ்வளவு கணிதம் எதற்கு என்று நினைத்தார்கள். பெர்லினில் தத்துவ ஞானி ஹெகலின் செல்வாக்கு ஓங்கியிருந்த நேரம் அது. இயற்கையைத் தத்துவத்தால் புரிந்துகொள்ள வேண்டும் என்று நம்பியவர்களுக்கு, கம்பி நீளத்தை அளந்து சூத்திரம் போடுவது பெரிதாகப் படவில்லை. போல் என்ற பெர்லின் இயற்பியலாளர் புத்தகத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். ஓமும் தன் பரிசோதனை முடிவுகளை முன்னால் வைத்து வாதிடாமல் கோட்பாட்டையே முன்னிறுத்தியிருந்தார். அதனால் பலருக்கு அது காற்றில் கட்டிய கோட்டையாகத் தெரிந்தது.

எதிர்பார்த்த பதவி வரவில்லை. மனம் உடைந்த ஓம் 1828 மார்ச்சில் கொலோன் வேலையை ராஜினாமா செய்தார். அப்போது அவருக்கு வயது 39 ஆகப்போகிறது. அடுத்த ஐந்து வருஷம் பெர்லினில் பள்ளிகளில் தற்காலிகமாகக் கணிதம் எடுத்துப் பிழைப்பு ஓடியது. 1833-இல்தான் நியூரம்பர்க் பாலிடெக்னிக்கில் வேலை கிடைத்தது. பேராசிரியர் என்ற பட்டம் இருந்தது, ஆனால் அவர் கனவு கண்ட பல்கலைக்கழகப் பதவி அது இல்லை.

திருப்பம் எங்கே வந்தது?

ஓமை யாருமே கண்டுகொள்ளவில்லை என்று சொல்வது மிகை. 1831-இலேயே லைப்சிக் நகரின் ஃபெக்னர் விரிவான அளவீடுகள் செய்து ஓம் சொன்னது சரிதான் என்று காட்டினார். ரஷ்யாவில் லென்ஸ் அந்த விதியைத் தன் ஆய்வுகளில் பயன்படுத்தினார்.

பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது தந்தி. 1830-களின் பிற்பகுதியில் மைல் கணக்கில் கம்பி இழுத்துச் செய்தி அனுப்பத் தொடங்கினார்கள். எவ்வளவு நீளக் கம்பிக்கு எத்தனை பேட்டரி வேண்டும்? தத்துவம் இதற்குப் பதில் தராது, ஓமின் சூத்திரம் தரும். இங்கிலாந்தில் தந்தியை உருவாக்கியவர்களில் ஒருவரான வீட்ஸ்டன் ஓமின் விதியைத் தூக்கிப் பிடித்தார்.

1841-இல் ஓமின் புத்தகம் ஆங்கிலத்தில் வந்தது. அதே ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டி தன் உயரிய கோப்லி பதக்கத்தை அவருக்கு வழங்கியது. அடுத்த ஆண்டு வெளிநாட்டு உறுப்பினராகவும் சேர்த்துக்கொண்டது. அதன் பிறகுதான் சொந்த ஊர் கண் திறந்தது. 1845-இல் பவேரிய அறிவியல் அகாடமியில் முழு உறுப்பினர். 1849-இல் மியூனிக்கில் அகாடமியின் இயற்பியல் கருவிகளுக்குப் பொறுப்பாளர். 1852-இல், 63 வயதில், மியூனிக் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் பதவி.

வாழ்நாள் முழுக்க ஏங்கிய பதவியில் அவர் இருந்தது ஏறக்குறைய இரண்டே வருஷம். 1854 ஜூலை 6 அன்று மியூனிக்கில் காலமானார். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

வேறு பெயர் வந்திருக்குமா?

வந்திருக்கலாம். இங்கிலாந்தின் ஹென்றி காவெண்டிஷ் 1781-லேயே இதே உறவைக் கண்டுவிட்டார். அப்போது கரண்ட் அளக்கும் கருவி எதுவும் கிடையாது. உப்புக் கரைசல் நிரப்பிய குழாய்கள் வழியாக மின்சாரத்தைத் தன் உடலில் பாய்ச்சி, ஷாக் எவ்வளவு பலமாக அடிக்கிறது என்பதை வைத்தே ஒப்பிட்டார்! ஆனால் அதை அவர் வெளியிடவில்லை. மேக்ஸ்வெல் அந்தக் குறிப்புகளைத் தொகுத்து 1879-இல் வெளியிட்டபோதுதான் உலகத்துக்கே தெரிந்தது. அதற்குள் ஓம் விதி பாடப்புத்தகங்களில் நிலைத்துவிட்டது.

ஓம் விதிக்கு அடங்காதவை

ஒரு பொதுவான குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ளலாம். எந்தப் பொருளிலும் வோல்டேஜைக் கரண்டால் வகுத்து ஒரு எண்ணைப் பெறலாம். அது மட்டும் ஓம் விதி ஆகிவிடாது. வோல்டேஜ் மாறினாலும் அந்த எண் மாறாமல் இருக்கிறது என்பதுதான் விதி. வெப்பநிலை மாறாதவரை செம்பு போன்ற உலோகங்கள் இதற்குக் கட்டுப்படும்.

பழைய குண்டு பல்பின் இழை சூடாகச் சூடாக அதன் தடை பல மடங்கு கூடும். எல்இடி இன்னும் வேறு மாதிரி: குறிப்பிட்ட வோல்டேஜ் வரை கரண்ட் பேருக்குத்தான் பாயும், அதைத் தாண்டினால் திடீரென்று எகிறும். அதனால்தான் எல்இடியோடு தொடராக ஒரு ரெசிஸ்டர் போடுகிறார்கள். 5 வோல்ட் இணைப்பில், 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும் எல்இடிக்கு 20 மில்லி ஆம்பியர் தர வேண்டுமா? மீதி 3 வோல்ட்டை 0.02 ஆம்பியரால் வகுங்கள். 150 ஓம் ரெசிஸ்டர் போதும். விதிக்கு அடங்காத பொருளைக் காப்பாற்றுவதும் ஓம் விதிதான்.

மூன்று பேர், ஒரே வரிசை

மின் அலகுகளுக்கு விஞ்ஞானிகளின் பெயரை வைக்கலாம் என்ற யோசனையை 1861-இல் பிரைட், கிளார்க் என்ற இரண்டு தந்திப் பொறியாளர்கள் முன்வைத்தார்கள். 1881-இல் பாரிஸில் கூடிய சர்வதேச மின்னியல் மாநாடு வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் ஏற்றுக்கொண்டது. ஓம் அலகுக்கு ஆங்கில 'ஓ' எழுத்தைக் குறியாக வைத்தால் பூஜ்யத்தோடு குழம்பிவிடும் என்பதால் கிரேக்க 'ஒமேகா' எழுத்து வந்தது.

வோல்டா, நெப்போலியன் கையால் பிரபு பட்டம் பெற்றவர். ஆம்பியர், பிரெஞ்சு அறிவியல் அகாடமியின் உறுப்பினர். ஓம், விடுப்புக்குப் பாதிச் சம்பளம் வாங்கிய பள்ளி வாத்தியார். எலக்ட்ரீஷியன் பையில் இருக்கும் மல்டிமீட்டரில் மூன்று பேருடைய குறியீடுகளும் ஒரே வட்டத்தில் அருகருகே இருக்கின்றன. அதில் இரண்டு பேருடைய அளவு தெரிந்தால், மூன்றாவது ஆளுடையது தானாக வந்துவிடும்.